பாதிக் கிணற்று வீடு

ஆஸ்பத்திரி மூக்காயி பன்னிரண்டு வருஷத்தில் ஒன்பது வீடு மாறினாள். வாடகையை ஒரு நாளும் தவறவிட்டவள் அல்ல. சண்டைக்காரியும் அல்ல, குரலே நாலு அடிக்கு மேல் கேட்காது. அவளை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிளப்பியது ஒரே சங்கதிதான். அவள் கதவை யாராவது வந்து தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

புதுக்கோட்டைப் பெண்கள் ஆஸ்பத்திரியில் ஆயாவாக நுழைந்தவளை, கை நிதானமாக இருக்கிறது என்று டாக்டரம்மாதான் மருத்துவச்சி வேலைக்குப் படிக்க அனுப்பினார். படித்து முடித்து வந்த பிறகு ஆஸ்பத்திரியில் பார்த்த பிரசவம் பாதி, வீடுகளில் பார்த்த பிரசவம் பாதி. வலி கண்டவள் வீட்டு ஆள் நேரம் காலம் பார்த்து வருவானா? உச்சி வெயிலிலும் வருவான், கருக்கலிலும் வருவான். வந்தவன் மெதுவாகவும் தட்டமாட்டான்.

கடைசியாகக் குடியிருந்தது மச்சுவாடிப் பக்கம் ஒரு கோழிக்காரர் வீட்டில். அவர் ஒரு நாள் காலையில் பனைநார்க் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார்.

"பாருங்க. பதிமூணு முட்டை. நேத்து ஒங்க கதவைத் தட்டின தட்டுல அடைக்கோழி எந்திரிச்சு ஓடினது ஓடினதுதான். அத்தனையும் கூமுட்டை."

"நான் என்னங்க செய்யட்டும்? வலின்னு வந்து நிக்கிறாங்க."

"ஊர்ப் பிள்ளையெல்லாம் எடுக்கிறீங்க. என் கோழிக்கும் பிள்ளைதானே?"

மூக்காயிக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. ஆனால் மாத முடிவில் பத்தாவது வீடு தேட வேண்டும் என்று நினைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. யார் தட்டினாலும், எந்த நேரத்தில் தட்டினாலும், ஏன் என்று ஒருவரும் கேட்க முடியாத கதவு தனக்கு ஒன்று வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள். வாடகைக் கதவு அப்படி இராது. சொந்தக் கதவாக இருக்க வேண்டும்.

அவள் வீட்டுக்காரர் மலையாண்டி நார்த்தாமலையில் கல் உடைக்கிறவர். வாரத்துக்கு ஒரு தரம் வருவார். மகளைக் கீரனூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. அவரிடம் சொன்னபோது, "நம்ம ஊர்ல மனை கெடக்கு, கல்லும் கெடக்கு. என் கையாலே கட்டித் தாரேனே" என்றார்.

"நார்த்தாமலையில கட்டினா, மேல ராஜவீதியில வலி கண்டவ எங்கிட்டு வந்து தட்டுவா?"

மலையாண்டி தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டிக்கொண்டார். அவருக்கு ஒரு பேச்சு சரியென்று பட்டால் அப்படிச் செய்வது வழக்கம்.

ராஜவீதிகளுக்குள் வீடு கிடைப்பது லேசான காரியம் இல்லை. கோடு போட்ட நோட்டில் எழுதியதுபோல ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேராக ஓடுகிற தெருக்கள். எந்த முனையில் நின்றாலும் மறுமுனையில் போகிற மாடு தெரியும். அங்கே இருப்பவர்கள் பாட்டன் காலத்தில் வந்து உட்கார்ந்தவர்கள், எழுந்திருப்பது இல்லை. ஆனால் ஜப்பான்காரன் சண்டைக்கு வருவதற்குச் சில மாதம் முன்னால், மேல இரண்டாம் வீதியில் ஒரு வீடு விலைக்கு வந்தது. வீரய்யா என்பவருடையது. அவருக்குத் திருச்சியில் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. குடும்பத்தையும் அங்கேயே அழைத்துக்கொண்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் அவர் மனைவிக்கு இரண்டு பிரசவம் பார்த்தவள் மூக்காயி என்பதால் விலை பேசுவதில் தகராறு வரவில்லை. இத்தனை வருஷம் சேர்த்ததும் மலையாண்டி பங்கு நிலத்தை விற்றதும் அதற்குப் போதும்.

தகராறு கிணற்றில் இருந்தது.

அது ஒரு காலத்தில் ஒரே பெரிய வீடு. வீரய்யாவின் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் நட்ட நடுவில் சுவர் எழுப்பினார்கள். சுவர் கொல்லைக்கு வந்தபோது எதிரே கிணறு நின்றது. அண்ணனும் விடவில்லை, தம்பியும் விடவில்லை. கிணற்று வாய்க்குக் குறுக்கே ஒரு கல் உத்தரத்தைப் போட்டு, அதன்மேல் சுவரை ஏற்றிவிட்டார்கள். அதனால் இந்த வீட்டில் இருந்து பார்த்தால் பாதிக் கிணறு, அந்த வீட்டில் இருந்து பார்த்தால் பாதிக் கிணறு. இங்கே ஒரு ராட்டினம், அங்கே ஒரு ராட்டினம். அடியில் தண்ணீர் மட்டும் ஒன்று.

பத்திரம் எழுதுகிற பிச்சை மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்: "கிணறு பொது, சுவர் பொது. அந்தப் பக்கம் இருக்கிற பங்காளி சாட்சிக் கையெழுத்துப் போட்டாத்தான் பத்திரம் கெட்டி. போடாமலும் பதியலாம். பதிஞ்ச மறுநாள் அவர் கோர்ட்டுக்குப் போவார். நீங்க ஒரு வாளி தண்ணி எடுக்கிறதுக்குள்ள ஒங்க மகளோட மகளுக்குக் கல்யாணம் ஆயிரும்."

அந்தப் பக்கத்துப் பங்காளி உடையப்பன். அரண்மனை உக்கிராணத்தில், அதாவது பண்டகசாலையில், குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்காயியும் வீரய்யாவும் போய்க் கேட்டபோது அவர் சந்தோஷமாகத்தான் வரவேற்றார்.

"எனக்கென்னம்மா, கையெழுத்துப் போட்டே காலத்தைத் தள்ளினவன் நான். எதுக்கும் உள்ள ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

கேட்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே இருந்தவள் நிலைப்படியில் வந்து நின்றாள். சொர்ணவல்லி. உயரமான பெண்பிள்ளை. அந்தத் தெருவில் யார் வீட்டில் எந்தக் காரியம் முறையாக நடந்தது, எது முறை தவறியது என்பதற்கு அவள் வைத்ததுதான் தீர்ப்பு.

"நீ பிள்ளை எடுக்கிறவதானே?"

"ஆமாங்கம்மா."

"எடுத்துட்டு வந்து இந்தக் கிணத்துலதான் வாளி விடுவியோ?"

"ஆஸ்பத்திரியிலேயே கார்பாலிக் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் மூணு தரம் கழுவிட்டுத்தாங்க வெளியே வருவேன்."

"சோப்புக்குத் தீட்டுப் போகுமா?"

"அழுக்குப் போகுமுங்க" என்றாள் மூக்காயி. அதற்கு மேல் சொல்ல அவளுக்கு வார்த்தை இருந்தது. ஆனால் வீடு வாங்க வந்த இடத்தில் வாயை அளந்துதான் திறக்க வேண்டும் என்று நிறுத்திக்கொண்டாள்.

"ஆடி பொறக்கப் போகுது. ஆடியில யாராவது வீட்டைப் பத்திப் பேசுவாங்களா? ஆவணி வரட்டும், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுச் சொர்ணவல்லி உள்ளே போனாள். அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. உடையப்பன் மோட்டுவளையைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் வீரய்யா சங்கடத்தோடு சொன்னார்: "இந்தாங்க, ஒளிச்சு வைக்காமச் சொல்லிடுறேன். கடலை மண்டிக்காரங்க மூட்டை அடுக்கக் கிட்டங்கிக்குக் கேக்குறாங்க. அவங்களுக்குக் கிணறும் வேணாம், தண்ணியும் வேணாம். அண்ணிக்கும் அதுல ஆட்சேபணை இருக்காது. ஆவணி முதல் முகூர்த்தம் வரைக்கும் ஒங்களுக்காகப் பொறுக்கிறேன். அண்ணன் கையெழுத்துப் போட்டா வீடு ஒங்களுக்கு. இல்லைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது." இப்படிச் சொன்னவர், ரயிலுக்குப் போகிறபோது சாவியையும் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். "ஒரு மாசம் வீடு அடைஞ்சு கெடக்க வேணாம். கூட்டி, சாயங்காலம் ஒரு விளக்கு வைங்க."

அது ஒரு சாண் நீளச் சாவி. திண்டுக்கல் பூட்டு. பூட்டுவதற்குச் சாவி வேண்டாம், அழுத்தினால் போதும், திறக்கத்தான் வேண்டும்.

ஆடி மாதம் முழுக்க மூக்காயி வேலை முடிந்ததும் மேல இரண்டாம் வீதிக்குப் போனாள். முற்றத்தைக் கழுவினாள். சமையல்கட்டின் கரிப்புகையைத் தென்னந்துடைப்பத்தால் ஒட்டடையோடு இறக்கினாள். காலி வீட்டில் நடந்து, இங்கே பெட்டி, இங்கே அம்மி, ஆஸ்பத்திரிப் பை மாட்ட இந்த ஆணி என்று மனசுக்குள் இடம் பிரித்தாள். எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையாண்டி வந்தபோது மட்டும் ஒரு காரியம் செய்யச் சொன்னாள். அவள் உள் அறையில் போய்ப் படுத்துக்கொள்வது, அவர் தெருவில் நின்று கதவைத் தட்டுவது. சத்தம் கேட்கிறதா என்று தெரிய வேண்டுமே.

மலையாண்டி கல் உடைக்கிற கையால் தட்டினார். கேட்டது. பக்கத்து வீட்டிலும் கேட்டது.

"யாரது? என்ன ஆச்சு?" சொர்ணவல்லி தலையை நீட்டினாள்.

"ஒண்ணும் இல்லீங்க. சும்மா தட்டிப் பார்க்கிறேன்."

"தட்டிப் பார்க்கிறீங்களா! சொந்தமாகாத வீட்டுக்கே இந்தத் தட்டுன்னா, சொந்தமானா என்ன தட்டோ!"

உள்ளே படுத்திருந்த மூக்காயி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா, பயமா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

ஆடி இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் இருக்கும். கொல்லையைக் கழுவத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். பழைய தாம்புக்கயிறு இற்றுப்போயிருந்தது. பாதி தூரம் வந்த வாளி கயிற்றைக் கையில் விட்டுவிட்டு, தான் மட்டும் திரும்பிப் போனது.

கிணற்றில் வாளி விழுந்தால் எடுக்கப் பாதாளக் கரண்டி வேண்டும். ஒரு இரும்பு வளையத்தில் பத்துப் பன்னிரண்டு கொக்கிகள் தொங்கும். கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினால் விழுந்ததைக் கவ்விக்கொண்டு வரும். தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும். மேல இரண்டாம் வீதிக்கு அது சொர்ணவல்லி வீட்டில் இருந்தது. அதைச் சும்மா வாங்கிப் போகக் கூடாது, கொடுக்கவும் கூடாது. ஏதாவது ஒரு பொருளை அடகாக வைத்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். சும்மா கொடுத்து வாங்கினால் இரண்டு வீட்டுக்கும் சண்டை வரும் என்பது நம்பிக்கை. வாங்கிப் போனவர்கள் மறந்துவிடாமல் இருக்கவும் அது ஒரு வழி. அடகு வைத்த சொம்பையோ குண்டானையோ கவிழ்த்து வைத்திருப்பார்கள். கரண்டி திரும்பி வருகிற வரைக்கும் அதில் கை வைக்கமாட்டார்கள்.

மூக்காயி பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று கரண்டி கேட்டாள்.

"என்ன வைக்கிறே?" என்றாள் சொர்ணவல்லி.

மூக்காயி விழித்தாள். ஆஸ்பத்திரிப் பையை வைக்க முடியாது, காலி வீட்டில் வேறு என்ன இருக்கும்? இருந்த ஒரு வாளியும் கிணற்றுக்குள்.

"தொடப்பந்தான் இருக்குங்க."

"நல்லாருக்கு! தொடப்பத்தை வாங்கி நான் சாமி மாடத்துல வைக்கவா?"

இடுப்பில் செருகியிருந்த சாவி கையில் பட்டது. எடுத்து நீட்டினாள். சொர்ணவல்லி ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டு கரண்டியைக் கொடுத்தாள்.

மூக்காயி கடையில் புதுக்கயிறு வாங்கி வந்து, கரண்டியை அதில் கட்டிக் கிணற்றில் இறக்கினாள். நாலு முறைகூடத் துழாவியிருக்க மாட்டாள். தெருவில் மாட்டுவண்டி வந்து நின்ற சத்தம். ஆஸ்பத்திரிச் சேவகர் டாக்டரம்மாவின் சீட்டோடு வந்திருந்தார். ஆவூரில் ஒரு வாத்தியார் வீட்டில் பிரசவம், பிள்ளை திரும்பிக் கிடக்கிறது, உடனே வண்டியில் போகவும். கரண்டிக் கயிற்றை ராட்டினக் காலில் சுற்றிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில், பன்னிரண்டு வருஷப் பழக்கம், கதவைச் சாத்திப் பூட்டை அழுத்திவிட்டாள்.

வண்டி நகர எல்லையைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. தெருவின் கரண்டி உள்ளே. பூட்டு வெளியே. சாவி சொர்ணவல்லியிடம். சரி, சாவிதான் அவர்களிடம் இருக்கிறதே, வேண்டுமென்றால் திறந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டாள். ஆவூரில் போய் இறங்கிய பிறகு அதை நினைக்க நேரம் இல்லை. ஒன்று இல்லை, இரட்டை. இரண்டும் பிழைத்தன, தாயும் பிழைத்தாள். மூன்று நாள் கூடவே இருந்து பார்த்துவிட்டுத்தான் அவள் திரும்பி பஸ் ஏறினாள்.

மேல இரண்டாம் வீதியில் திரும்பியபோது வீட்டு வாசலில் ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். எதிர் வீட்டு மருதாயி முதலில் பிடித்துக்கொண்டாள். தமாஷ்காரி, ஆனால் நாக்குக் கூர்மை.

"வாங்க நர்ஸம்மா! தெருவோட கரண்டியைக் கிணத்துல நங்கூரம் போட்டுட்டு எந்தச் சீமைக்குப் போனீங்க?"

"ஆவூருக்கு. அவசரமாப் போக வேண்டியதாயிருச்சு. என்ன ஆச்சுங்க?"

"என்ன ஆச்சா? போன அன்னிக்குச் சாயங்காலம் என் செப்புக்குடம் உள்ள போச்சு. முந்தாநாள் மூலை வீட்டு வாளி போச்சு. நேத்துக் காலையில" என்று குரலைத் தாழ்த்தாமல் தாழ்த்துவதுபோலப் பாவனை செய்தாள், "சொர்ணக்கா வாளியே போச்சு. குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு எங்க வீட்டுக் கிணத்துக்கு வந்தாங்க. நான் வாக்கப்பட்டு வந்த இந்த முப்பது வருஷத்துல அவங்க எங்க கொல்லையைப் பார்த்தது நேத்துத்தான்!"

சொர்ணவல்லி தன் வாசலில் நேராக நின்றுகொண்டிருந்தாள்.

மூக்காயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சாவி ஒங்ககிட்டதானேம்மா இருந்துச்சு? திறந்து எடுத்திருக்கலாமே?"

"நானும் அதைத்தான் சொன்னேன்" என்று உள்ளே இருந்து உடையப்பன் குரல் வந்தது. "கேட்டாத்தானே."

"அடகுப் பொருளை எடுத்துப் புழங்குற வீடா இது?" என்றாள் சொர்ணவல்லி. "சாமி மாடத்துல விளக்குக்குப் பக்கத்துல வச்சேன். வச்சது வச்சபடி இருக்கு. வேணும்னா வந்து பாரு."

"ஐயோ, என்னாலதானே இத்தனை சிரமம். சாவியைக் கொடுங்க, இந்தா நிமிஷத்துல எடுத்துக் கொடுத்திடுறேன்."

"கரண்டி வந்தாத்தான் சாவி."

"சாவி வந்தாத்தானேங்க கரண்டி?"

கூட்டம் இந்த முடிச்சை அப்போதுதான் கவனித்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மருதாயி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுத்தெருவுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, நான் ஒண்ணு கேக்குறேன். அந்தச் சாவி இவங்களோடதா? வீரய்யாவோடது. வீரய்யா உங்க கொழுந்தன். அடுத்தவங்க பொருளை அடகு வச்சா அது அடகே இல்ல. பேசாம எடுத்துத் திறங்க."

"அவ இடுப்புல இருந்து எடுத்து அவ கையால வச்சா. அவ வச்சது அவ பொருள்தான்" என்றாள் சொர்ணவல்லி.

"அப்படின்னா சாவி அவங்களோடது."

"ஆமா."

"சாவி அவங்களோடதுன்னா வீடு யாரோடது?"

சொர்ணவல்லி முந்தானையை இழுத்துச் செருகினாள். உள்ளே உடையப்பனுக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

மூக்காயிக்கு இப்போது பயம் அதிகமானது. தெரு முன்னால் தோற்றவள் எப்படிக் கையெழுத்துக்குச் சம்மதிப்பாள்? கரண்டிக்காக வீடு போய்விடும்போல இருந்தது. இவள் தோற்கக் கூடாது என்று ஒரு பக்கம் தோன்றியது.

"முறை முறைதாங்க" என்றாள் அவசரமாக. "அம்மா சொல்றதுதான் சரி. நான் வேற பொருள் மாத்தி வச்சிடுறேன்." பையைத் துழாவினாள். கத்தரிக்கோலும் நூலும் இல்லாமல் நாளைக்கு வேலை இல்லை. வேறு எதுவும் இல்லை. கை தானாக மூக்குக்குப் போயிற்று. அவளுக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்காததால், பிறந்த ஏழாம் நாள் மூக்கைக் குத்தி மூக்காயி என்று பேர் வைத்து இவளை நிறுத்திக்கொண்டார்கள். அன்றைக்குப் போட்ட துளை. அதில் இருந்த சிவப்புக்கல் மூக்குத்தியின் திருகைத் திருகினாள்.

"ஏய், ஏய்! கைய எடு!" சொர்ணவல்லி இரண்டு படியைத் தாண்டி இறங்கி வந்தாள். "தாலி கட்டினவன் நல்லா இருக்கையில நடுத்தெருவுல நின்னு மூக்குத்தியைக் கழட்டுறவளைப் பார்த்திருக்கீங்களாடி? அதுவும் ஆடி வெள்ளிக்கிழமையில!"

"வேற ஒண்ணும் இல்லீங்களே."

"ஒண்ணும் வைக்க வேணாம்." விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் சாவி இருந்தது. "இந்தா. போய்த் திற."

"சும்மாவா?" என்றாள் மருதாயி. உண்மையாகவே திகைத்துவிட்டாள். "அக்கா, சும்மா கொடுத்தா ரெண்டு வீட்டுக்கும் சண்டை வரும்னு நீங்கதானே சொல்வீங்க?"

சொர்ணவல்லி சாவியை மூக்காயி கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"வரட்டுமே. சுவத்துக்கு அங்கிட்டு அவ, இங்கிட்டு நான். கிணறு ஒண்ணு. சண்டை வராமலா இருக்கப் போகுது?"

மூக்காயி பூட்டைத் திறக்கப் போனாள். கை சாவித் துவாரத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றதால் தெரியவில்லை. கூட்டத்தில் யாரும் அதைப் பார்க்காத மாதிரி மருதாயி சத்தமாகத் தன் செப்புக்குடத்தின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தாள்.

கரண்டி முதலில் மூக்காயியின் வாளியைக் கொண்டுவந்தது. அடுத்து, சுவருக்கு அடியில் சாய்ந்து கிடந்த சொர்ணவல்லியின் பித்தளை வாளியை. அதை மூக்காயி கையால் தொடாமல் கொக்கியோடு வாசலுக்கு எடுத்துப் போனாள். சொர்ணவல்லி பார்த்தாள். வாளியைப் பார்த்தாள், மூக்காயியின் கையைப் பார்த்தாள்.

"அந்த நாத்தம் புடிச்ச சோப்பு வச்சிருக்கியா?"

"இருக்குங்க."

"நீயே தேய்ச்சுக் கழுவிக் கொடு. பாசி போகுதான்னு பார்ப்போம்."

ஆவணி முதல் முகூர்த்தத்தில் பத்திரம் ஆயிற்று. பிச்சை படித்துக் காட்டினார்: வடக்கே உடையப்பன் வீடும் பொதுக்கிணறும், அந்தக் கிணற்றில் சரிபாதி பாத்தியம் உட்பட. உடையப்பன் உக்கிராணத்துக் கையெழுத்தை வளைத்து வளைத்துப் போட்டார். பால் காய்ச்சின அன்றைக்கு மலையாண்டி நார்த்தாமலையிலிருந்து ஒரு கருங்கல் தொட்டியை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வாசலுக்கு உள்புறம் போட்டார். அது சொர்ணவல்லி கேட்டது. பிரசவம் பார்த்து வந்தால் அங்கேயே இரண்டு வாளி ஊற்றிக்கொண்டுதான் கொல்லைக்குப் போக வேண்டும். மூக்காயிக்கு அதில் மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. ஆனால் கழுவுவதைப் பற்றி யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று டாக்டரம்மாவிடம் படித்தவள் அவள். தொட்டிக்குப் பக்கத்தில் கார்பாலிக் சோப்பையும் வைத்தாள்.

சொர்ணவல்லி சொன்னபடி சண்டையும் வந்தது. ராட்டினத்துக்கு எண்ணெய் போடவில்லை என்று ஒரு நாள், வேப்பிலை கிணற்றில் விழுகிறது என்று ஒரு நாள், மலையாண்டி வாரக் கடைசியில் குறட்டை விடுவது சுவர் தாண்டி வருகிறது என்று ஒரு நாள். இவளும் நாலு அடிக்கு மேல் கேட்கிற குரலில் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். சாயங்காலம் அந்தப் பக்கத்து ராட்டினத்தில் இருந்து, "ஏண்டி, இன்னிக்கு ஆணா பொண்ணா?" என்று கேள்வி வரும். இந்தப் பக்கத்து ராட்டினத்தில் இருந்து பதில் போகும்.

ஆனால் மூக்காயி மனசுக்குள் ஒன்றுக்குத்தான் காத்திருந்தாள். புரட்டாசியில் ஒரு நாள் அது வந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணுறங்காமல் வேலை பார்த்துவிட்டு வந்து, சாப்பிட்டு, உள் அறையில் படுத்திருந்தாள். நடு மத்தியானம். தெருவில் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. தன் கதவு இல்லை, பக்கத்துக் கதவு. இரண்டு கதவும் ஒரே தச்சன் செய்தவை, வந்தவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

மூக்காயி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வீட்டிலும் சொன்ன மன்னிப்பு பத்தாவது தரமாக நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொர்ணவல்லி மத்தியானத்தில் படுப்பவள். தூக்கம் கெட்டால் யாரையும் விடமாட்டாள். பக்கத்துத் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. சுவரோரம் நகர்ந்து காது கொடுத்தாள்.

"யாரு?"

"திருக்கோகர்ணத்துல இருந்து வாரேங்க. நர்ஸம்மா வீடு..."

"இங்கிட்டு இல்ல, அடுத்த கதவு. வலி எப்போ கண்டுச்சு?"

"காலையில இருந்துங்க."

"தலைப்பிள்ளையா?"

"ஆமாங்க."

"அப்போ நேரம் இருக்கு, பதறாதீங்க. அவ கண்ணு அசந்திருப்பா. மெதுவாத் தட்டினாக் கேட்காது, கையை மடக்கி நல்லாத் தட்டுங்க. தட்டுங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

மூக்காயி ஆணியில் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் வந்து, தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். உடனே திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தன் கதவில் அந்த மனுஷன் முதல் தட்டுத் தட்டுகிற வரைக்கும் நின்றாள்.

தட்டினான். நல்ல பலமாகத்தான் தட்டினான்.

"வாரேன், வாரேன்" என்று சொல்லிக்கொண்டே திறந்தாள்.